மழையில் கரையாத சுண்ணாம்பு

அன்பு மாமாவுக்கு,

நூம்பல் தோட்டத்திலிருந்து உங்கள் மச்சான் கன்னியப்பன் எழுதுகிறேன். கார்த்திகை பிறந்தால் நீங்கள் போய் ஒரு வருஷம். உங்கள் தெவசத்துக்கு அக்கா உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டாள். ஐந்தாவதோடு நின்றவனுக்குக் கடுதாசி ஒரு கேடா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டவனுக்கு இப்போது காகிதம்தான் மிச்சம்.

முதலில் தோட்டத்தைப் பற்றித்தானே கேட்பீர்கள்? கண்ணாடிக் கொட்டகை நிற்கிறது. உடைந்துபோன இடத்தில் பலகை அடித்து வைத்திருக்கிறேன், யுத்த காலத்தில் கண்ணாடிக்கு எங்கே போவது? எட்டு நாளாக மழை விடவில்லை. கூவம் கரை தட்டி ஓடுகிறது, ஊரில் எல்லார் கீரைப் பாத்தியும் அழுகிப்போய்விட்டது. நம் கொட்டகைக்குள் மட்டும் முளைக்கீரையும் கொத்தமல்லியும் தக்காளி நாற்றும் மதமதவென்று நிற்கின்றன. துரைமார் பச்சையாகவே தின்கிற அந்தச் சலாது இலைகூட நன்றாக வந்திருக்கிறது. ஆவடிப் பட்டாள முகாமிலிருந்து லாரி வந்து எடுத்துப்போகிறது. ஒவ்வொரு கட்டாகக் கட்டிக் கொடுக்கும்போதும் எனக்கு அழுகை வருகிறது, மாமா. போன ஐப்பசியில் இப்படி இருந்திருக்கக் கூடாதா?

பட்டணத்தில் ஒரு துரை பங்களாவில் நீங்கள் தோட்டக்காரராக இருந்தீர்கள். துரை சீமைக்குக் கிளம்பியபோது, செடி வைத்திருந்த கண்ணாடி வீட்டைப் பிரித்துப் போடச் சொன்னார். அதை எனக்கே கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, வைக்கோல் சுற்றி, மூன்று மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. "இன்னாப்பா, நம்மூரு வெயிலு பத்தலன்னு கண்ணாடி வேற போட்டு வறுக்கப் போறியா?" என்று கேட்டார்கள்.

"வெயிலுக்கு சுண்ணாம்பு கீது. கண்ணாடி மழைக்கு" என்றீர்கள். யாருக்கும் புரியவில்லை. உங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கிய எனக்கும், அதாவது வேலை வெட்டி இல்லாமல் அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்த எனக்கும், புரியவில்லை.

அப்புறம் புரிந்தது. சித்திரையில் மேல் கண்ணாடிக்கு நீர்க்கச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வெயில் பாலாக இறங்கும். பக்கத்துக் கண்ணாடிகளைத் திறந்துவிட்டு நனைத்த கோணி தொங்கவிட்டால் உள்ளே கீரை வாடாது. ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் சுண்ணாம்பு தானாகக் கரைந்து ஓடிவிடும், யாரும் மேலே ஏற வேண்டாம். மூட்டம் போட்ட நாளில் செடிக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச வெளிச்சமும் முழுசாகக் கிடைக்கும். பன்னிரண்டு மாசமும் பச்சைக் கீரை வந்ததற்கு இதுதான் சூட்சுமம், வேறு ஒன்றும் இல்லை.

எடை குறைவு என்பதால் மேலே ஏறிச் சுண்ணாம்பு அடிப்பது என் வேலை. எனக்கு அதில் ஒரு சலிப்பு. ஆடியிலும் ஆவணியிலும் சாயங்காலம் ஒரு இடிமழை பெய்தால் போதும், பாதி போய்விடும், மறுபடி ஏற வேண்டும். ஆவடியில் கட்டட வேலைக்குப் போன நாலு மாசத்தில் நான் ஒன்று பார்த்திருந்தேன். மொட்டை மாடிக்குப் போடுகிற சுண்ணாம்பில் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றுவார்கள், எத்தனை மழைக்கும் அசையாது. போன வருஷம் சித்திரையில் அதையே நம் சுண்ணாம்பிலும் கலந்தேன். உங்களிடம் கேட்கவில்லை. வெல்லம் அக்கா பானையிலிருந்து எடுத்தது. எலி தின்றுவிட்டதாக அவள் நினைத்தாள்.

இதுதான் மாமா நான் சொல்லாமல் விட்டது. சுண்ணாம்பைக் கெடுத்தவன் நான்.

ஆடி மழைக்கு அது கரையவில்லை. நீங்களே அண்ணாந்து பார்த்து, "இந்த வாட்டி சுண்ணாம்பு சும்மா பிடிச்சிகினு கீது மச்சான்" என்றீர்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பொங்கலுக்குச் சொல்லி உங்களை அசத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாய் மூடியதுதான்.

ஐப்பசி வந்தது. மழை கொட்டியது. மேலே வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. தினம் காலையில் கீழே நின்று பார்ப்பீர்கள், நாளைக்குப் போய்விடும் என்பீர்கள். கீரை வெளிச்சம் தேடி நூலாக நீண்டு, வெளிறி, சாய்ந்துவிட்டது. "முனியம்மா இந்தத் தபா கலப்படம் பண்ணிட்டாளா இன்னா?" என்று ஒரு நாள் கேட்டீர்கள். திருவேற்காட்டில் கிளிஞ்சல் சுட்டுக் கூடையில் சுமந்து வந்து கொடுக்கிறாளே, அந்த முனியம்மாவை. அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு திட்டோடு போயிருக்கும். "தெரியல மாமா" என்றேன்.

சுரண்டத்தான் வேண்டும் என்று முடிவானது. ஏறுவதற்குக் கூரையில் பலகை சாத்தினோம். நான் ஏறுகிறேன் என்றேன், அது மட்டும் நிஜம். "பாசி வழுக்குது, கல்யாணம் ஆகாத பையன் நீ, கீழ நின்னு பலகையப் புடி" என்று என்னைத் தள்ளிவிட்டு நீங்கள் ஏறினீர்கள். நாலாவது கண்ணாடியில் கால் நழுவியது. பலகையை நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பலகை என்ன செய்யும்?

கண்ணாடி உடைந்து தொடையில் கிழிசல். மண்ணும் எருவும் கிடக்கிற பாத்தியில் விழுந்திருந்தீர்கள். மஞ்சள் வைத்துக் கட்டினோம், நாலாம் நாள் எழுந்து நடந்தீர்கள். ஒன்பதாம் நாள் காலையில் கஞ்சி குடிக்க வாய் திறக்கவில்லை. பூந்தமல்லி சாலையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் உங்கள் உடம்பு வில்லாக வளைந்தது. காயத்தில் மண் பட்டு இசிவு கண்டுவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அக்காவின் கையை உங்களால் பிடிக்கக்கூட முடியவில்லை. மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. பதினாறாம் நாள் முனியம்மா துக்கம் கேட்க வந்தாள். அக்கா வாசலுக்கு ஓடிப்போய், "என் தாலிய அறுத்த சுண்ணாம்புக்காரி, நீ வெளங்குவியா?" என்று கத்தி, இரண்டு கையாலும் மண்ணை வாரி அவள் தலையில் தூற்றினாள். ஊர் ஜனம் மொத்தமும் நின்றது. முனியம்மா மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை. "நான் இன்னா பண்ணேன் தாயீ, எனுக்கு ஒண்ணும் தெரியாதே" என்று அழுதுகொண்டே போனாள். நான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மாமா. நின்றேன், அவ்வளவுதான்.

அந்தப் பொங்கலுக்கு அவளிடம் ஒருவரும் சுண்ணாம்பு வாங்கவில்லை. உயிர் குடித்த சுண்ணாம்பு என்று பேராகிவிட்டது. வெற்றிலைக்குத் தடவக்கூட வேண்டாம் என்றார்கள். நானும் இந்தச் சித்திரையில் சுண்ணாம்பு அடிக்காமல் தென்னங்கீற்றைப் போட்டு ஒப்பேற்றினேன். அக்காவுக்குச் சுண்ணாம்பு பிடிக்காது என்று ஊருக்குச் சொன்னேன். எத்தனை சாமர்த்தியம் பாருங்கள்.

போன வெள்ளிக்கிழமை லாரியோடு முகாமுக்குக் கீரைக் கட்டு இறக்கப் போனபோது, ஜல்லி சுமக்கிற பெண்களில் முனியம்மாவைப் பார்த்தேன். இளைத்துவிட்டாள். அவளாகவே கிட்டே வந்தாள்.

"அக்கா நல்லா கீதா?" என்று கேட்டாள். "சூளைய மூடிட்டேன் நைனா. யாரும் வாங்காததுக்கு இல்ல. எனுக்கே பயம் வந்துடிச்சி. அரை வேக்காட்டுல எறக்கிட்டனா, ஈர வெறவு வெச்சனா, எங்க தப்புன்னு ராவும் பகலும் ரோசன பண்றேன், வெளங்கல. நல்ல மனுசன். என் கையால போச்சே அவரு உசுரு."

ஊர் அவளைக் குற்றவாளி ஆக்கியது எனக்குத் தெரியும். அவளே அதை நம்பிக்கொண்டிருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. அங்கேயும் சொல்ல வாய் வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். கடுக்காய், வெல்லம், எல்லாம்.

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். "வெல்லமா?" என்றாள். அடித்திருந்தால் தேவலை. முறத்தை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வா, அவ கிட்ட வந்து சொல்லு" என்று நடந்தாள். திருவேற்காடு வரை தூறலில் அவள் முன்னாலும் நான் பின்னாலும். ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முனியம்மா அப்போதுதான் முகாமிலிருந்து வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன். செருப்பால் அடிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்து, "அப்போ என் சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்புதானா தாயீ?" என்று கேட்டாள்.

"நல்ல சுண்ணாம்புதான்டி" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் அங்கே நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தேன்.

வரும் வழியில் அக்கா சொன்னது இதுதான்: "தோட்டத்தப் பாத்துக்க. ஊட்டுக்குள்ள வராத." அன்றிலிருந்து கொட்டகையில்தான் இருக்கிறேன். சோற்றைத் தட்டில் போட்டுக் கதவோரம் வைத்துவிட்டுப் போகிறாள், பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பா அம்மா போன பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது நீங்கள் இரண்டு பேர்தான்.

ஒன்று கேட்கட்டுமா? சுண்ணாம்பு கலக்கிய அன்று பானையைச் சுற்றி எறும்பு மொய்த்தது. நீங்கள் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்காமல் அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து தூவிவிட்டுப் போனீர்கள். சுண்ணாம்புப் பானைக்கு எறும்பு ஏன் வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஏறினீர்களா? தெரிந்துதான் என்னைக் கீழே நிறுத்தினீர்களா?

இதற்கு எனக்குப் பதில் கிடைக்கப் போவதில்லை. கொட்டகைக்குள் ஒவ்வொரு பாத்தியாகக் களை எடுக்கும்போதும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தெவசத்தன்று உறவும் ஊரும் கூடும். பந்தியில் இலை போடுவதற்கு முன்னால் எல்லார் எதிரிலும் நின்று, சுண்ணாம்பைக் கெடுத்தது நான், முனியம்மா இல்லை என்று சொல்வேன். அவளை நானே போய் அழைத்து வருவேன். வருகிற சித்திரையில் அவள் சூளைச் சுண்ணாம்பை, வெறும் தண்ணீரில் மட்டும் கலந்து, நானே ஏறி அடிப்பேன். மழை எத்தனை தடவை கழுவினாலும் அத்தனை தடவை ஏறுவேன். என் காலம் இருக்கிற வரை இந்தக் கொட்டகையில் பச்சை அற்றுப்போகாது. இது உங்கள் மேல் ஆணை.

மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன் மாமா. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள்.

அக்காவுக்குத் தம்பி இல்லை என்றானாலும்,
உங்களுக்கு மச்சானாகவே இருக்கிற
கன்னியப்பன்