பழைய ஹீட்டருக்கு அத்தாட்சி

துலூத், ஜனவரி 14

அன்புள்ள அம்மாவுக்கு,

தீர ஆலோசித்து, இனி தொப்பியோடு தூங்குவதென முடிவெடுத்திருக்கிறேன். அரிசோனா வெயிலில் உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி மிஸஸ் ஹௌகன் மின்சாரம் குறைவாக இழுக்கும் புது ஹீட்டர் வாங்கினார். ஓடிக்கொண்டிருந்த பழையதை மாற்றினால் பாதி விலையை மின் நிறுவனம் திருப்பித் தருமாம். அதைச் சரிபார்க்க அவர்களின் ஆய்வாளர் வந்தார்.

“பழைய ஹீட்டர் எங்கம்மா?”

“காயலான்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்.”

“அது ஓடுச்சுன்னு அத்தாட்சி?”

“முப்பது குளிர்காலமா நான் விறைச்சுச் சாகலையே, போதாதாப்பா?”

அதை எழுதப் படிவத்தில் இடமில்லையாம். பணம் வராது.

அப்பாவின் கம்பளிச் சட்டை சும்மா கிடந்தால் அனுப்புங்கள். கூடவே நாலு வரி எழுதுங்கள், எதைப் பற்றியானாலும் சரி. ஆலைக்கு நேரமாகிவிட்டது.

டெரில்

பி.கு.: செலவைக் குறைக்க மிஸஸ் ஹௌகன் மாடிக்கு வரும் சூட்டை நிறுத்திவிட்டார். என் அறை மாடியில் இருக்கிறது.