தூரத்து அறைக்கு முதல் வாளி

மச்சான், உன் பம்ப் போய்விட்டது.

குளிர் தொடங்கி முதல்தரம் வீட்டைச் சூடாக்கும் சோபாஜைப் போட்டால் சுவர் ராடியத்தரில் படிந்த தூசி சூடாகி ஒரு மணம் வருமே, நீகூட மூக்கை உறிஞ்சி "வந்திட்டுதடா குளிர்" என்பாயே, அந்த மணம் இந்தமுறை வரவில்லை. நிலவறைக்கு இறங்கிப் பார்த்தேன். ராடியத்தர்களுக்குச் சுடுதண்ணீர் தள்ளுகிற பம்ப் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. உன்னைவிடக் கூடுதலாக ஒரு குளிர்காலம் உழைத்திருக்கிறது, அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனாலும் படியிலேயே நின்று யோசித்தேன். புதுப் பம்ப் மேல்மாடியில் கடைசியாக இருக்கும் அந்தத் தூரத்து அறைக்குச் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்குமா? சேர்க்காவிட்டால் சரிக்கட்ட நீயும் இல்லையே.

வில்லியே லே பெல்லில் நாங்கள் இருவரும் சேர்ந்து இந்த வீட்டை வாங்கிய முதல் குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? கீழே நீங்கள், மேலே நாங்கள். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நீ உணவகத்திலும் நான் பலசரக்குக் கடையிலும் நின்றுவிட்டு, லீவு நாட்களில் பழைய குழாய்களைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டோம். நிலவறையில் ஒரு பித்தளை நூறிஸ். பொயிலரின் சுடுதண்ணீரை ஒவ்வொரு அறைக்கும் பிரித்து அனுப்புகிற கட்டை அது. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வால்வு.

பம்ப் வாங்கப் போனோம். எத்தனை ராடியத்தர், ஆக நீளமான குழாய் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டார். நீயோ கையை உயர்த்தி, மேல்மாடி வரைக்கும் ஏற்ற வேண்டும் என்று காட்டினாய். கிணற்று மோட்டார் வாங்கிப் பழகிய புத்தி. "பெலமானதா எடுப்பம் மச்சான், பிறகு இருந்து அழேலாது" என்று கடையிலேயே ஆகப் பெரியதைத் தூக்கினாய். மூடிய சுற்றில் ஓடும் தண்ணீர் ஏறிய அளவுக்கு இறங்கியும் விடுகிறது, உயரம் ஒரு பொருட்டில்லை, குழாயின் நீளமும் ஒடுக்கமும்தான் பம்புக்குப் பாரம் என்பதெல்லாம் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

பூட்டினோம். கோதாரி! குழாய்கள் விசிலடித்தன. உங்கள் குசினியில் நின்றால் வியர்த்தது. மேலே கடைசி அறையின் ராடியத்தர் மட்டும் பச்சைத்தண்ணியாய்க் குளிர்ந்து கிடந்தது.

அதுதான் என் மகளுக்கென்று வைத்த அறை. குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அறை மட்டும் சூடாக இருக்க வேண்டும் என்று தாதி சொல்லிவிட்டாள். மற்ற அறைகள் எல்லாம் சீமெந்துத் தூசி. மின்சார ஹீற்றரைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் விழுந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் என் மனைவி, "அறை சூடாயிட்டுதோ?" என்று கேட்பாள். நாளைக்கு, நாளைக்கு என்று நான் சமாளிப்பேன். நீதான் குறுக்கே விழுந்தாய்: "தங்கச்சி, பிள்ளை வரேக்கை அறை சூடாக் கிடக்கும். நான் பொறுப்பு." எதை நம்பிச் சொன்னாயோ!

அந்தச் சனிக்கிழமை செவ்ரானில் ஒரு கலியாணம். பந்தி பரிமாற வழக்கம்போல நீதான் தலைமை. பெடியள் சமையல் பக்கத்திலிருந்தே குழம்பு ஊற்றத் தொடங்கி, பாதி வரிசையில் வாளி காலி. கடைசி ஆட்கள் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டேய், கடைசி இலையிலை இருந்து வாங்கோடா! கிட்ட இருக்கிறவைக்கு எப்பிடியும் கிடைக்கும்!" என்று கத்தினாய். கத்திவிட்டு வாளியும் கையுமாக என்னைப் பார்த்தாய். "மச்சான், எங்கட தண்ணியும் இதைத்தானே செய்யுது."

கலியாண வேட்டியோடு நேரே நிலவறைக்கு வந்தவன் நீ. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்ட உள்ள அறைகளின் வால்வுகளை ஒவ்வொன்றாக ஒடுக்கினாய். தூரத்து அறையினுடையதை முழுக்கத் திறந்துவிட்டாய். நான் மேலே ராடியத்தரைப் பிடித்தபடி நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கை மெல்ல மெல்லச் சூடாகியது. "சூடடா!" என்று நான் போட்ட சத்தத்தில் உன் மனைவி பயந்து ஓடிவந்தா. அடுத்த லீவுக்கு அந்த அறைக்கு மட்டும் ஓரளவு பெருத்த குழாய் இழுத்தோம், பெரிய பம்பைக் கழற்றிச் சின்னதைப் போட்டோம். விசிலும் நின்றது. மகள் வீட்டுக்கு வந்தாள்.

இந்தமுறை பம்ப் மாற்ற வந்தவன், வால்வுகள் முக்கால்வாசி மூடிக் கிடப்பதைக் கண்டதும் திறக்கக் கை வைத்தான். விட்டேனா? "தொடாதே!" என்று பிரெஞ்சில் கத்தினேன். அவன் திகைத்துவிட்டான். பிறகு குழாய்களைப் பார்த்தான், நீளங்களைக் கேட்டான். யாரோ நன்றாகத்தான் சமன்படுத்தி வைத்திருக்கிறார்கள், சின்னப் பம்பே போதும் என்றான். பூட்டினான். நான் படியில் குந்தியிருந்தேன்.

மேலேயிருந்து மகளின் குரல் வந்தது. "பப்பா, சா ஷோஃப்!" சூடாகிறதாம். இப்போது என்னைவிட உயரமாக நிற்கிறாள், அதே அறைதான். அப்பாடா என்று வந்த மூச்சில் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது, மச்சான். வெட்கப்படவில்லை. நீ இல்லாமலும் வீடு சூடாகும் என்று தெரிந்ததில் பெரிய ஆறுதல்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டைப் பற்றி உனக்கு இன்னும் சொல்லவில்லை. மண்டபம் நிறைந்த சனம். குழம்பு வாளியை யார் தூக்குவது என்று பெடியள் ஆளையாள் பார்த்தார்கள். நான் வாங்கிக்கொண்டு நேரே கடைசி வரிசைக்குப் போனேன். அன்றைக்கு ஒருவரும் வெறும் சோற்றோடு இருக்கவில்லை.