பழைய வீட்டுப் பெயர்

மார்ச் 4

என் அன்புத் தங்கச்சிக்கு,

நானும் குட்டியும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறவளைத் தபால்தலை ஒட்ட வைத்துவிட்டேன் என்று போன கடிதத்தில் முணுமுணுத்திருந்தாய். என்ன செய்ய? என் புது நம்பர் உன்னிடம் இருந்தால் குட்டியைப் பெற்ற அந்த மனுஷன் ஒருநாள் உன் போனைப் பிடுங்கிப் பார்த்துவிடுவார். கதவைச் சாத்திவிட்டு என் கையை முறித்தவருக்கு அது பெரிய காரியமா? தெருப் பெயரும் உனக்கு வேண்டாம். தபால் நிலையத்துக்கே எழுது, நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டு சின்ன அறைகள். கீழே சலவைக் கடை. பகல் முழுக்கச் சோப்பு வாசனையும் நீராவியும் மேலே ஏறி வரும். மருத்துவமனைச் சீருடை தைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. அளவுகளையும் மாதிரிகளையும் இன்டர்நெட்டில்தான் அனுப்புகிறார்கள். குட்டியின் பள்ளிப் பாடமும் அதில்தான் வருகிறது. வேறு வழியில்லாமல் லைன் எடுத்தேன். நேற்று ஒருவர் வந்து சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார். அதன் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிகிறது. ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். குட்டி சிரிக்கிறாள்.

ஒன்றே ஒன்று சொல். இந்தப் பெட்டி வழியாக அவர் எங்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் அந்தத் துணியை எடு. பெட்டி சூடேறிப் பாழாய்ப் போகும்.

இன்டர்நெட் ஒன்றும் பூதம் இல்லை. உலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் ஒரு கிளை உன் சுவர் வரைக்கும் வந்திருக்கிறது. அந்தப் பெட்டிக்குப் பெயர் ரூட்டர். உன் போன் எதையாவது கேட்டால், கேள்வியைத் துண்டு துண்டாக வெட்டி, எங்கிருந்து வருகிறது, எங்கே போகணும் என்று ஒவ்வொரு துண்டிலும் குறித்து அனுப்பும். பதிலும் துண்டு துண்டாகவே வந்து இங்கே ஒன்று சேரும். நீ கையையும் காலரையும் தனித்தனியாக வெட்டி, எண் போட்டுக் கட்டி வைப்பாயே, அதே மாதிரிதான். அந்த முகவரிக்கு ஐபி அட்ரஸ் என்று பெயர். வெளியே தெரிவது ரூட்டரின் அட்ரஸ் மட்டும். வீட்டுக்குள் உன் போனுக்கும் குட்டியின் டேப்லெட்டுக்கும் ரூட்டர் வேறு வேறு எண் கொடுக்கும், அது வெளியே போகாது. வெளி அட்ரஸை வைத்துத் தெருவையும் மாடியையும் சொல்ல லைன் கொடுத்த கம்பெனியால்தான் முடியும். மாமாவால் முடியாது.

பெட்டியின் அடியில் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் ஒட்டியிருக்கும். இரண்டையும் மாற்றிவிடு. மறக்காததாக வை. எப்படி மாற்றுவது என்று தனித்தாளில் படம் போட்டிருக்கிறேன். உன் வைஃபையில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பதும் அதே பக்கத்தில் தெரியும். அவ்வப்போது பார்.

சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். மாமா என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். சிரித்துக்கொண்டே, "உங்கக்கா நல்லா இருக்காளா?" என்று கேட்டார். "எனக்கே தெரியாது மாமா" என்றேன். "தையல் வேலை கிடைக்கிற ஊர் எத்தனை இருந்திடப் போகுது? ஒவ்வொண்ணா பாத்திடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே அதிகம் போகாதே அக்கா.

உன் தங்கை


மார்ச் 17

என் தங்கமே,

நீ போட்ட படத்தைப் பார்த்து எல்லாம் செய்தேன். பெயர் வைக்கத்தான் ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில் பழைய வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையுமே இங்கேயும் வைத்துவிட்டேன். எனக்கு மறக்காதது அதுதானே. அங்கிருந்து கொண்டுவந்த டேப்லெட், பிரின்டர், என் போன் எல்லாம் ஒன்றும் கேட்காமல் தானாகவே சேர்ந்துகொண்டன. பரவாயில்லையே, நானும் கெட்டிக்காரிதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான்கு பெயர்கள் இருந்தன. என் போன், டேப்லெட், பிரின்டர். நாலாவது அவருடைய போன். அதற்கு அவர் வைத்திருந்த பட்டப்பெயர் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. மிஷினை நிறுத்திவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பெயர் இல்லை.

யோசித்து யோசித்து நானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. அதனால் இன்டர்நெட்டுக்குள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் அங்கே தன் வீட்டில் உட்கார்ந்து போனைத் திறந்திருப்பார், அது இங்கே காட்டியிருக்கும். அப்படித்தானே? அப்படித்தான் என்று ஒரு வரி எழுதிவிடு. அதைப் படித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன் அக்கா


மார்ச் 20

அக்கா,

அப்படி இல்லை.

ஒரே பெயர் வைத்தால் வீடுகள் ஒட்டிக்கொள்ளாது. வைஃபை பெயர் வாசலில் மாட்டுகிற வெறும் பலகை. அவர் போன் அந்தப் பலகையைப் பார்த்து, பழைய வீடு என்று நினைத்து, ஞாபகத்தில் இருந்த பாஸ்வேர்டைக் கொடுத்துத் தானாகவே உள்ளே வந்திருக்கிறது. வைஃபை காற்றில் போகிற அலை. நான்கைந்து சுவர் தாண்டினால் செத்துப்போகும். மிஞ்சிப்போனால் உன் எதிர்ச்சாரி வரைக்கும் எட்டும். அந்தப் போன் உன் பெட்டியோடு பேசியது என்றால், அவர் உன் ஜன்னலுக்குக் கீழே எங்கேயோதான் நின்றிருக்கிறார்.

அவருக்கே அது தெரியாமல் போயிருக்கலாம். தெரியாமல் இருக்கட்டும். ஆனால் போனை எடுத்துப் பார்த்தால், யாரோ ஒருவரின் தெருவில் தன் வீட்டு வைஃபை பெயர் தெரியும். அப்புறம் முன்னும் பின்னும் நடந்து பார்த்தாலே போதும். போனில் சிக்னல் கோடுகள் எந்த வாசலில் கூடுகின்றனவோ அதுதான் உன் வாசல்.

கடிதம் கைக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கு. குட்டியைக் கூட்டிக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போ. நானே வந்திருப்பேன், பையைக்கூடத் தூக்கிவிட்டேன். என் பின்னாலேயே அவரும் வந்துவிட்டால்? மறக்காததாக வை என்று எழுதினேனே, புதிதாக வை என்று எழுதத் தோன்றவில்லையே எனக்கு! கண் மூடித் திறப்பதற்குள் செய்தி உலகத்தைச் சுற்றிவிடும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறவள், உனக்கு ஒரு செய்தி சொல்ல வழியில்லாமல் தபால் பெட்டிக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருக்கிறேன். கிளம்பு அக்கா.

உன் தங்கை


மார்ச் 24

என் கண்ணே,

உன் கடிதத்தைத் தபால் நிலையத்தில் நின்றபடியே படித்தேன். குட்டியைப் பள்ளியிலிருந்து நேராக அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி உன் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். "இந்த ரூட்டர் விஷயம் எனக்குப் பாதிதான் புரியுதும்மா. ஆனா அந்த ஆளு விஷயம் முழுசா புரியுது" என்றார். துணிமணி எடுக்க அவரே கூட வந்தார். மாடிப்படியில் அவர்தான் முன்னால் ஏறினார்.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னாய். நான் பிடுங்கவில்லை, திட்டாதே. பெட்டி அந்தச் சுவரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பிடுங்கினால் நாங்கள் கிளம்பிவிட்டது தெரிந்துபோகும். அவர் போனில் அந்தப் பெயர் தெரிகிற வரைக்கும் நாங்கள் உள்ளேதான் இருக்கிறோம் என்று அவர் நினைக்கட்டும். கீழே சலவைக் கடை அம்மாவிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். தெருமுனையில் காவல் நிலையத்து ஆள் ஒருவர் நிற்கிறார். பூட்டிய அறையை அவர் சுற்றிச் சுற்றி வரட்டும், அதற்குள் நாங்கள் வெகுதூரம் போய்விடுவோம்.

எங்கே என்று எழுதவில்லை. இனிமேல் எழுதவும் மாட்டேன். நீயும் எழுதாதே. உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. உனக்குத் தெரிந்துவிட்டால் அதை வாங்க உன் கையையும் முறிப்பார். இதைப் பஸ்ஸில்தான் எழுதுகிறேன். பக்கத்து சீட்டுக்காரர் போனைத் திறந்தாலே குட்டியை என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். இது எப்போது நிற்கும் என்று தெரியவில்லை. உன்னை விட்டுப் போவதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

குட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். "புது வீட்ல வைஃபைக்கு வேற பேரு வெப்பியாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "பாஸ்வேர்டும் வேறயா?" ஆமாம் என்றேன்.

"அப்போ சித்தி வந்தா அவங்க போனும் தானா சேராதே" என்றாள்.

சேராதுடி என்று சொன்னேன்.

உன் அக்கா