அப்பா உன் பேச்சைக் கேட்டார்

அன்புள்ள சிட்டுக்கு, அம்மா ஆசையும் ஆசியுமாக எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர அதில் என் முழங்காலைச் சேர்க்கவில்லை, கடைக் கம்ப்யூட்டரையும் சேர்க்கவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டு, குட்டிக்குப் பல் முளைச்சுதா கேளு, அதைக் கேளு, இதைக் கேளு என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். அவர் முன்னால் இதைப் பேச முடியாது. உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்குக் கட்டளை.

கம்ப்யூட்டர் நின்றுபோய்விட்டது. பூட்ஸ் தைக்க மரத்தில் கால் அச்சு செதுக்குகிற மெஷினோடு கட்டிப்போட்டிருக்குமே, அந்தக் கிழம்தான். நீ கல்யாணமாகிப் போவதற்கு முன்னால் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாயே, அன்றிலிருந்து அப்பா அதை அணைத்தது அபூர்வம். அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமோ என்னவோ என்று பயம். ஊரில் எல்லோரும் கடையைப் பூட்டும்போது விளக்கை அணைத்தாயா என்று கேட்பார்கள், இவர் கம்ப்யூட்டரை அணைச்சுத் தொலைக்கலையே என்று கேட்பார். நீயும் போன் பண்ணும்போதெல்லாம் அப்டேட் போடுங்கப்பா, போடாம வச்சிருக்கிறது ஆபத்துப்பா என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாய், அவரும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டேதான் இருந்தார். என்றைக்கு உன் பேச்சைக் கேட்டிருக்கிறார்? நீ படித்த படிப்பு வேண்டாம் என்றார், கட்டிய மாப்பிள்ளை வேண்டாம் என்றார், அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றார். அப்பேர்ப்பட்டவருக்குப் போன மாதம் என்ன தோன்றியதோ தெரியவில்லை, பொண்ணு இவ்வளவு சொல்றாளே, ஒரு தடவை கேட்டுத்தான் பார்ப்போமே என்று பக்கத்துத் தையல் கடையிலிருந்து இன்டர்நெட் வயரை இழுத்துவந்து செருகி, அப்டேட்டை அமுக்கிவிட்டார். மத்தியானம் முழுக்க என்னென்னவோ இறங்கியது. இவர் கையைக் கட்டிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அணைத்துப் போடச் சொல்லிக் கேட்டது, போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளையாக நாலு எழுத்து வந்தது, அப்படியே நின்றுவிட்டது. இன்றுவரைக்கும் அந்த நாலு எழுத்துத்தான்.

பிரின்டர் ரிப்பேர் பண்ணுகிறவரைக் கூட்டிவந்தோம். பெட்டியைத் திறந்தார், உள்ளே செருகியிருந்த பட்டைகளை உருவிப் பென்சில் ரப்பரால் தேய் தேய் என்று தேய்த்துத் திரும்பச் செருகினார், தூசியை ஊதினார், ஊதியதில் அவருக்கே தும்மல் வந்து கடையை இரண்டாக்கிவிட்டார். கடைசியில் பொருளில் கோளாறு இல்லை என்றார். சிஸ்டத்துக்கு அஸ்திவாரம் மாதிரி கர்னல் என்று ஒன்று உண்டாம், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறதாம். புதிதாக வந்த கர்னலில் இத்தனை வயதான கம்ப்யூட்டருக்கு இனி இடமில்லை என்று ஆதரவை நிறுத்திவிட்டார்களாம், அப்பா இறக்கியது அந்தப் புதுசைத்தான். வேற கம்ப்யூட்டர் வாங்கிடுங்க சார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். மெஷினோடு பேசுகிற அட்டையை அப்பா கழற்றிக் காட்டியதும், இதைச் செருகுற ஓட்டையே இப்ப வர்ற கம்ப்யூட்டர்ல கிடையாதே என்று கையை விரித்தார். கம்ப்யூட்டரை மாற்றினால் மெஷினை மாற்ற வேண்டும், புது மெஷின் விலையைக் கேட்டதும் அப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதற்கப்புறமும் விட்டாரா? எங்கள் கட்டிலுக்கு அடியில் அவர் சேர்த்து வைத்திருக்கிற செத்த கம்ப்யூட்டர்களை எல்லாம் இழுத்துப்போட்டு இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக மாற்றிப் பார்த்தார். நோய் உடம்பில் இல்லாதபோது உறுப்பை மாற்றி என்ன பிரயோஜனம்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு வழி எனக்குத் தெரியும். நீ அன்றைக்கு லினக்ஸ் போட்டபோது நான்தான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன், அப்பா மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஆரம்பிக்கும்போது கண்மூடித் திறக்கிற நேரத்துக்கு ரெண்டு வரி வரும்மா, மேல இருக்கிறது புதுசு, கீழ இருக்கிறது பழசு, புதுசு என்னைக்காவது மக்கர் பண்ணினா சட்டுனு கீழ் வரியைத் தேர்ந்தெடுத்துடு, பழசுலயே ஓட ஆரம்பிச்சுடும் என்று நீ சொன்னாய். நின்றுபோன அன்றைக்கே எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. ஏன் என்றால், அலுத்துவிட்டதடி. மெஷின் செதுக்கிப் போடும், பிசிர் போகத் தேய்ப்பது நான், நின்றுகொண்டே தேய்க்க வேண்டும். மரத்தூள் மூக்கில் ஏறி ஏறி எனக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. கடை நின்ற மறுநாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன், எழுந்ததும் யாரோ திட்டுவார்கள் என்று பயந்து சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. கடையை மூடிட்டு இங்கே வந்துடுங்க என்று நீயும்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாய். அதனால் என்றைக்காவது அவர் இறங்கிவந்து உன்னிடம் கேட்டால், அவ்வளவுதான்பா, அதோட காலம் முடிஞ்சுதுப்பா என்று சொல்லிவிடு. கீழ் வரியைப் பற்றி மூச்சு விடாதே. நானும் விடமாட்டேன்.

நேற்று இதோடு நிறுத்தினேன், அடுப்பில் பால் பொங்கிவிட்டது. இன்று தொடர்கிறேன். நான் ஓய்வு ஓய்வு என்று ஆசைப்பட்டேனே, அந்த ஓய்வின் லட்சணத்தைக் கேள். காலையில் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்குகிறார், கம்ப்யூட்டரைப் போடுகிறார், அது அதே இடத்தில் நிற்பதைப் பார்க்கிறார், ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். வந்தால் சும்மா இருக்கிறாரா, என் சமையலறை டப்பாக்களை எல்லாம் உயரவாரியாக அடுக்கி வைத்துவிட்டார், உப்பு எது சர்க்கரை எது என்று நக்கிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. குழாய் ஏன் சொட்டுகிறது, கதவு ஏன் கத்துகிறது என்று என் பின்னாலேயே வருகிறார். கடையில் நின்றால் காலாவது வலிக்கும், இங்கே தலையே வலிக்கிறது.

காலையில் தபால்காரம்மா வந்தாள். உனக்குத் தெரியுமே, இடது கால் கொஞ்சம் குட்டை, அப்பா செய்துகொடுக்கிற பூட்ஸ் இருந்தால்தான் தெருத்தெருவாக நடக்க முடியும். அடி தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, புதுசு வேணும் என்று கேட்டாள். அவள் கால் அளவும் அச்சும் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் கிடக்கிறது. அப்பா அவளிடம் நடந்ததைச் சொன்னார், எப்படிச் சொன்னார் தெரியுமா? கம்ப்யூட்டர் மேல தப்பில்லம்மா, என் பொண்ணு சரியாத்தான் சொன்னா, நான்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டேன் என்றார். இவர் ஒன்றையும் மாற்றி அமுக்கவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன், நீ சொன்னதை அப்படியே வரிக்கு வரி செய்தார். பரவால்ல சார், உள்ள அட்டையை மடிச்சு வச்சுச் சமாளிச்சுக்கிறேன் என்று அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். அவள் முனை திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றவர் உள்ளே வந்து மறுபடியும் என்னிடம், சிட்டுக்குச் சொல்லிடாதே என்றார். ஏன் இப்படி மறைக்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன். அவ சொல்லி நான் கேட்டதே ஒரு தடவை, அது இப்படி முடிஞ்சுதுன்னு தெரிஞ்சா அப்புறம் எனக்கு எதையுமே சொல்ல மாட்டா என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஆகவே நேற்று எழுதியதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள், கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதத் தெம்பில்லை. இது கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயாகவே பேச்சை எடு. கம்ப்யூட்டர் எப்படிப்பா ஓடுது என்று கேள். ஜோரா ஓடுது என்று கூசாமல் புளுகுவார், விடாதே, துருவித் துருவிக் கேள். ஒத்துக்கொண்டதும் கீழ் வரியைச் சொல்லிக் கொடு, போனைக் கையில் வைத்துக்கொண்டே அவரை வைத்துச் செய்ய வை. பழைய கர்னலைப் பழுதுபார்க்க இனி ஆளில்லை, வைரஸ் புகுந்தால் தடுக்க வழியில்லை என்றும், அதனால் அந்தத் தையல் கடை வயரை இனி எந்தக் காலத்திலும் செருகக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல். நானே சொல்லிவிடலாம்தான், ஆனால் எப்பத்திலிருந்து தெரியும் என்று கேட்டால் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல என்னால் ஆகாது. அதோடு, உன் பேச்சைக் கேட்டுத்தானே நின்றது, உன் பேச்சைக் கேட்டே ஓடட்டும்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லிவிடு. தேய்க்கிற வேலைக்கு ஒரு ஆளைப் போடச் சொல், மத்தியானத்தில் கடையை மூடச் சொல். நான் கேட்டது போல இருக்கக்கூடாது. நான் சொன்னால் பார்க்கலாம் பார்க்கலாம் என்பார், அந்தப் பார்க்கலாமிலேயே என் வயது போய்விட்டது. அந்தக் கிழம் இன்னும் கொஞ்ச காலம் ஓடும், ஒருநாள் நிஜமாகவே நின்றுவிடும், அதுவரைக்கும் நான் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறேனே.

குளிரில் வெளியே போகும்போது குட்டியின் காதை மூடு. நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ரொம்ப விரட்டாதே. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். கடிதம் வந்தது என்று போனில் உளறிவிடாதே. தபால்காரம்மா நாளை வரும்போது அவள் கையிலேயே இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன். அட்டை மடித்து வைத்த பூட்ஸோடு அவள்தான் நடந்துபோய்த் தபாலாபீஸில் சேர்க்க வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமையைத் தவற விடாதே.

இப்படிக்கு,
மத்தியானத் தூக்கத்துக்கு உன்னை நம்பியிருக்கும்
அம்மா