கொஞ்சம் கவனிங்க

அக்டோபர் 6, திங்கள்

இன்றும் ஒருங்கிணைப்புக் கூட்டம். மாணவர்களைச் சேர்ப்பதும், சேர்ந்தவர்களைப் பாதியில் ஓடவிடாமல் வைத்துக்கொள்வதும் இனி எல்லாத் துறைக்கும் பொதுவான வேலையாம். துணைவேந்தர் சொல்லிவிட்டார். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். இழுக்கிறோம், ஆளுக்கொரு திசையில்.

சேர்க்கைப் பிரிவுத் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். அறையில் இருந்ததே எட்டுப் பேர். எட்டுப் பேருக்கு எதற்கய்யா ஒலிபெருக்கி?

"கஷ்டப்பட்டுப் பிள்ளைங்களக் கொண்டுவந்து சேர்க்கிறோம். ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தின கதையா இருக்கு" என்று என்னைப் பார்த்தே சொன்னார். ஓட்டை நான்தான். மாணவர் நலப் பிரிவு என்பது ஒரு மேசை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, நான்.

"நீங்க மேடையில அள்ளி விடுறத நம்பி வர்ற பிள்ளைங்கதான் சார் ஏமாந்து போறாங்க" என்றேன். விடுதி வார்டன் இருமினாள். சிரிப்பை அவள் அப்படித்தான் மறைப்பாள்.

அக்டோபர் 8, புதன்

நூலக மாடிப்படியில் ஒரு பெண் தினமும் உட்கார்ந்திருப்பதாக நூலகர் சொன்னார். போய்ப் பார்த்தேன். முதலாண்டு, கணிதம். காலையில் பையோடு விடுதியிலிருந்து கிளம்புகிறாள், வகுப்புக்குப் போகாமல் இங்கே வந்து சாயங்காலம்வரை இருந்துவிடுகிறாள். பல நாளாக இப்படித்தான்.

 பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் அவளே பேசினாள்.

"ஒண்ணுமே புரியல மேடம். சந்தேகம் கேட்டா எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க."

பள்ளியில் இவள்தான் எப்போதும் முதலாவதாம். அழுகையை அடக்கிக்கொண்டு, "வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. ஒரு குறைன்னு காதுல விழுந்தாலும் திரும்பக் கூட்டிட்டு வந்துடுவேன்னு சொல்லித்தான் அப்பா அனுப்பினாரு" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மூன்றாமாண்டுப் பெண் ஒருத்தியை, சாயங்காலங்களில் இவளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்டிருக்கிறேன். சரி என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

படிப்பை விடுகிற நிலையில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியல் கேட்டு மைக்கிடமிருந்து மூன்று மின்னஞ்சல். பதில் போடவில்லை. போடவும் மாட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

மறுபடியும் கூட்டம். "படிப்ப விட்டுட்டுப் போற மாதிரி இருக்கிற பிள்ளைங்க யாரு யாரு? மூடி மூடி வச்சுக்கிட்டா நாங்க எப்படி மேடம் ஒத்துழைக்கிறது?" என்று மைக் கேட்டார். துணைவேந்தரும் என்னையே பார்த்தார். எரிச்சல் தலைக்கேறிவிட்டது. மாடிப்படிப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "இந்தப் பொண்ணக் கொஞ்சம் கவனிங்க" என்றேன். அவ்வளவுதான். இந்த ஆளுக்கு விளக்கம் வேறு ஒரு கேடா?

தொந்தரவு செய்யாமல் தூரத்திலிருந்து ஒரு கண் வையுங்கள் என்பதைத் தவிர அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

அக்டோபர் 15, புதன்

இருக்கிறது. ஆளுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது.

நேற்றுத்தான் தைரியம் வந்து வகுப்புக்குப் போயிருக்கிறாள். கணிதத் துறைத் தலைவர் அத்தனை பேர் முன்னால் அவளை எழுப்பி நிறுத்தி, "உன்னத் தனியா கவனிக்கச் சொல்லி உத்தரவு" என்றாராம். வார்டன் வேளாவேளைக்கு அறைக் கதவைத் தட்டி, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள். மைக் — அந்த மகானுபாவர் — நேராக அவள் அப்பாவுக்கே போன். பொண்ணு வகுப்புக்கு வரல, கொஞ்சம் கவனிங்கன்னு.

"நானே கவனிச்சுக்கறேன்னு சொல்லிட்டாரு மேடம். பொறுப்பான மனுஷன்" என்று என்னிடமே பெருமை வேறு.

அந்த 'கவனிச்சுக்கறேன்' எப்படிப்பட்டது என்று அவளிடம் பேசியபோது தெரிந்தது. நாளைக்கு வருகிறாராம், கூட்டிப் போக. "சத்தியம் பண்ணீங்களே மேடம்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

சேர்க்கைப் பிரிவுக்குப் போய்க் கத்தினேன். யாரக் கேட்டுப் போன் போட்டே? ஆமா, 'போட்டே'ன்னுதான் கேட்டேன். மரியாதையெல்லாம் போச்சு.

"நீங்கதானே மேடம் கவனிக்கச் சொன்னீங்க?"

பாவி. திரும்பி வந்துட்டேன். கூட ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தா என் வாய் தேஞ்சா போயிருக்கும்? இவனுக்கெல்லாம் எதுக்குச் சொல்லணும்னு திமிர். திமிர்தான், வேறென்ன.

வீட்டில் அவர், "சாப்பிட்டுட்டாவது திட்டு" என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

அவள் அப்பா வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் காலிப் பெட்டி. சான்றிதழை வாங்கிக்கொண்டு இன்றே மகளைக் கூட்டிப் போக வேண்டுமாம். அவருடைய கடையில் ஆள் குறைகிறதாம்.

"விலகறதுன்னா அவளும் கையெழுத்துப் போடணும்" என்றேன்.

"போடுவா" என்றார். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் ஒவ்வொரு பிரிவிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். பிசாசு மாதிரி வேகமாகக் கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். தடுக்க வழியில்லை, சும்மா போனேன்.

நூலகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "புத்தகமெல்லாம் சரிபார்க்கணும். நாளைக்கு வாங்க" என்றார்.

"அவ ஒண்ணுகூட எடுக்கலையே சார்?" என்றார் அவள் அப்பா.

"எடுக்கலைங்கறதத்தான் சரிபார்க்கணும்."

விளையாட்டுப் பிரிவில் சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருந்தார். கணிதத் துறைத் தலைவர் அவசரமாக எங்கோ கிளம்பினார். சேர்க்கைப் பிரிவில் மைக், "சீல் இல்லையே சார், ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றார். ரப்பர் சீலுக்கு என்ன ரிப்பேர்? அது மேசைமேலேயே இருந்தது. கைக்குட்டையைப் போட்டு மூடியிருந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வார்டன்தான் தாழ்வாரத்தில் என்னை இழுத்து நிறுத்தினாள்.

"நீ யார்கிட்டயும் பேச மாட்டே. அதான் எல்லார்கிட்டயும் நான் பேசிட்டேன்."

"என்னன்னு? கவனிங்கன்னா?"

"போடி. கையெழுத்துப் போடாதீங்கன்னு. பச்சையா."

அக்டோபர் 17, வெள்ளி

இன்றும் அதே சுற்று. மத்தியானம் அவர் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்து, "இது காலேஜா, சத்திரமா?" என்று கத்தினார். பிறகு தாளை மகள் கையில் திணித்தார். "முதல்ல நீ போடு. மத்தவங்க கையெழுத்த நான் வாங்கிக்கறேன்."

பேனாவை எடுத்தாள்.  மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

"நான் வரலப்பா."

முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை எனக்கே கேட்டது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அப்போ என் முகத்துல முழிக்காதே" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுக் காலிப் பெட்டியோடு போனார். அவள் அழுதாள். தோளைத் தொடப் போனேன். நகர்ந்துகொண்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

கூட்டம். "ஒத்துழைப்புன்னா இப்படி இருக்கணும்" என்று மைக் ஆரம்பித்தார், எல்லாம் தன்னால் ஆனதுபோல. சத்தியமாக இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் அவருடைய மின்னஞ்சல்களுக்குப் பதில் போட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் யார் என்ன செய்ய வேண்டும், யார் எதைச் செய்யவே கூடாது என்று முழு வாக்கியங்களில் எழுதினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

தாழ்வாரத்தில் எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, இனியும் பேச மாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. நான் நின்று, எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்த்தேன்.

கணித வகுப்புப் பக்கம் போனாள்.