நீ நம்பிய காதல் கதை

மருமகள் நேற்று அந்த நாவலின் புதிய பதிப்பை வாங்கி வந்தாள். "அத்த, நீங்க படிச்சிருக்கீகளா? நல்லாருக்குமா?" என்று கேட்டாள். அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் உன் குரல்தான் காதில் கேட்டது.

அப்போது நாம் இருவரும் திருச்சுழியில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள். அருப்புக்கோட்டை நூலகத்திலிருந்து அந்த நாவலை நீ ஐந்தாறு முறையாவது எடுத்திருப்பாய். பஸ்ஸில் போகும்போது எனக்கு வாசித்துக் காட்டுவாய். நாயகி பன்னிரண்டு வருடம் காத்திருப்பாள். கடைசியில் அவன் வந்துவிடுவான். அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, "காதல்னா இப்படி இருக்கணும்டி" என்பாய்.

நீயும் காத்திருந்தாய். நம்மோடு வேலை பார்த்த நரிக்குடிக்காரர், "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று உன்னிடம் சொல்லிவிட்டு மதுரைக்கு மாற்றலாகிப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. கடிதங்களும் குறைந்துவிட்டன.

அந்த வைகாசியில் மதுரை ஜவுளிக்கடை ஒன்றில் அவரைப் பார்த்தேன். ஒரு பெண்ணும் அவள் வீட்டாரும் கூட இருந்தார்கள். முகூர்த்தப் புடவை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உன்னிடம் சொல்லத்தான் மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். நீ முந்திக்கொண்டாய். "ரெட்டியபட்டியிலருந்து நாளைக்குப் பொண்ணு பாக்க வாராகளாம். வேண்டாம்னு அய்யாகிட்டச் சொல்லப் போறேன். மதுரையிலருந்து அவுக வந்துருவாக, இல்லடி?"

உன் முகத்தைப் பார்த்தேன். "வருவாக" என்றேன்.

ஒரே மாதத்தில் பள்ளிக்கூடத்துக்கு அவருடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. படித்தாய், மடித்து வைத்தாய், வகுப்புக்குப் போனாய். சாயங்காலம் பஸ்ஸில்தான் பேசினாய்.

"அவ காத்திருந்த பன்னெண்டு வருசத்தையும் ஒரே பக்கத்துல எழுதி முடிச்சுட்டாக. எனக்கு ஒவ்வொரு நாளா விடிஞ்சுச்சுடி. பொய்க் கதை."

அப்புறம் அந்தப் புத்தகத்தை நீ தொடவில்லை. ரெட்டியபட்டிக்காரர்கள் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். உன் அய்யா போன பிறகு தனியாகவே இருந்தாய். மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கஞ்சி ஊட்டினேன். பக்கத்துப் படுக்கைக்காரியிடம் என்னைக் காட்டி, "இவ எங்கிட்டப் பொய்யே சொன்னதில்ல" என்றாய். நான் உன் வாயைத் துடைத்துவிட்டேன். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

தெரியாமல் சொன்னாயா, எல்லாம் தெரிந்துதான் சொன்னாயா? அந்தக் கதையை நீ பொய் என்றாய். அதை எழுதியவர் உன்னைப் பார்த்ததுகூட இல்லை. நான் உன் கண்ணைப் பார்த்துச் சொன்னவள்.