மூன்றாம் பரிசுப் பெட்டி

நாள் 31. காலை 07:40

கடலடி ஆய்வகம், நிலையம் மூன்று. தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே, முந்நூற்றிருபது மீட்டர் ஆழம். பதிவு: பெனடிக்டா ரொட்ரிகோ, கடல் வேதியியல். பணியில் இருப்பது நான் ஒருத்தி மட்டும்.

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. கரியமில வாயு 0.04 சதவீதம். இரண்டு அளவிகளும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. லேசான தலைவலி.

பள்ளிகளுக்கான போட்டியில் தேர்வான பன்னிரண்டு சோதனைப் பெட்டிகளையும் படமெடுத்து மேலே கப்பலுக்கு அனுப்பினேன். முதல் பரிசு பெற்ற ஐந்து மாணவர்கள் நாள் 37 அன்று இறங்கு கலத்தில் வருகிறார்கள். இரண்டு நாள் இங்கே தங்குவார்கள். படுக்கைகளைத் துடைத்து வைத்தேன்.

பெட்டி 12, காயல்பட்டினம் மாணவிகளுடையது, மூன்றாம் பரிசு. செம்பருத்திச் சாற்றிலும் சமையல் சோடாவிலும் நனைத்த காகிதப் பட்டைகள். கரியமில வாயு கூடினால் பச்சை ஊதாவாகும், பிறகு சிவக்கும். இன்று ஊதா. சாறு கெட்டிருக்க வேண்டும். நடுவர் குழுவில் "வகுப்பறைக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது" என்று எழுதியவள் நான்தான்.

நாள் 34. மாலை 16:15

தலைவலி விடவில்லை. ஏணியில் நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உப்புத்தன்மை அட்டவணையில் ஒரே வரியை மூன்று முறை எழுதியிருக்கிறேன். எழுதிய நினைவே இல்லை.

கப்பலின் கட்டுப்பாட்டு அதிகாரி சுந்தரவதனத்திடம் சொன்னேன். "எல்லாம் பச்சையாத்தான் இருக்கு மேடம். ஒரு மாசமா தனியா இருக்கீங்க, அதான். ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க. பசங்க வர்ற நேரத்துல நீங்க ஃப்ரெஷ்ஷா இருக்கணும்."

மாத்திரை போட்டேன்.

நாள் 36. காலை 11:05

பள்ளிகளுடன் பேசும் பத்து நிமிடம். இன்று காயல்பட்டினத்தின் முறை. பேசியவள் பத்தாம் வகுப்பு ரஹ்மத் நிஷா, பெட்டி 12 குழுவின் தலைவி. வழக்கமாக மீன்களைப் பற்றித்தான் கேட்பார்கள். அவள் கேட்டதை அப்படியே பதிகிறேன்.

"மேடம், எங்க பட்டை செவந்திருச்சு. நீங்க நேத்து அனுப்புன படத்தை எங்க நிற அட்டையோட மூணு தடவ ஒப்பிட்டுப் பாத்துட்டோம். அஞ்சு சதவீதத்துக்கு மேல வருது."

"சாறு பழசாகியிருக்கும்மா," என்றேன்.

"இல்ல மேடம். அதே நாள்ல செஞ்ச பட்டைய லேப்லயும் மூடி வச்சிருக்கோம். அது இன்னும் பச்சையாத்தான் இருக்கு." "எங்க பெட்டி கெட்டுப் போகல மேடம். உங்க காத்துதான் கெட்டுப் போயிருக்கு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அதன் பிறகுதான் பயம்.

"உங்க கிட்ட ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குல்ல? அளவிய ஒரு பையில போட்டு அந்த ஆக்சிஜனை மட்டும் நிரப்புங்க. அதுல கரியமில வாயுவே கிடையாது. பூஜ்யம் காட்டணும்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

நாள் 36. பகல் 12:20

பையில் போட்டேன். அளவி பூஜ்யம் காட்டவில்லை. கழித்தல் 5.6 காட்டுகிறது.

இரண்டாவது அளவியும் கழித்தல் 5.6.

ஒன்றுமே இல்லாததைவிடக் குறைவாக ஒரு வாயு இருக்க முடியாது. பையைப் பிரித்ததும் மறுபடி 0.04. பச்சை விளக்கு.

நாள் 36. பகல் 13:30

காரணம் தெரிந்துவிட்டது. நான் இறங்கிய வாரம் மேலிருந்து மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அதன்படி அளவி அவ்வப்போது தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. முந்தைய சில மணி நேரத்தில் பார்த்த மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்கிறது. ஜன்னல் திறக்கிற வீட்டுக்கு அது சரி. இங்கே ஜன்னலே கிடையாது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கெட, அதையே நல்ல காற்று என்று அளவி நம்பிக்கொண்டே வந்திருக்கிறது. நானும் நம்பினேன். உண்மையான அளவு ஐந்தரை சதவீதத்துக்கும் மேல்.

காற்றைச் சுத்தம் செய்யும் சுண்ணாம்புக் குப்பிகளைத் திறந்து பார்த்தேன். குளிர்விக்கும் குழாயிலிருந்து நீர் கசிந்து எல்லாம் கட்டிதட்டிப் போயிருக்கின்றன. மாற்றுக் குப்பிகளும் அதே அலமாரியில்தான். அவையும் கல்.

நாளை ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, விருந்தினர்களை அழைத்துவரக் கலம் மேலே போய்விடும். ஆறு பேர் இந்தக் காற்றைச் சுவாசித்தால் மாலைக்குள் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

நாள் 36. மாலை 17:00

சுந்தரவதனத்திடம் நான்கு முறை சொன்னேன்.

"மேடம், அளவியப் பையில போட்டா அது கன்னாபின்னான்னுதான் காட்டும். இங்க என் திரையில எல்லாம் பச்சை. மந்திரி கப்பலுக்கு வந்தாச்சு. டிவிக்காரங்க வந்தாச்சு. பத்தாங்கிளாஸ் பொண்ணு காகிதத்தைப் பாத்துச் சொன்னான்னு நான் எப்படி நிறுத்துறது?"

என் குரல் குழறியது எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். எனக்கு மனநிலை சரியில்லை என்று முடிவு செய்திருப்பார்.

நாள் 37. காலை 09:50

கலம் இறங்குகிறது. அது தானாக வந்து இணைந்துவிடும். இணைப்பை இயக்குவது கப்பல், ஓட்டுநர் அல்ல. கலம் வந்து சேரும் கதவின் குறுக்குக் கம்பியை உள்ளிருந்து போட்டால் இணைப்பு வளையத்தின் கொக்கிகள் பிடிக்காது. கம்பி துருவேறியிருக்கிறது. அவசர முகமூடியைப் போட்டுக்கொண்டேன். முப்பது நிமிடக் காற்றுதான், ஆனால் கை நடுங்காமல் வேலை செய்ய அது வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினேன். கதவுக்கு மேலிருந்த விளக்குப் பலகை உடைந்தது. கம்பி உட்கார்ந்துவிட்டது.

10:35

கலம் வளையத்தில் மோதியது. கொக்கிகள் பிடிக்கவில்லை. கதவின் வட்டக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஓட்டுநரோடு ஆறு பேருக்குத்தான் கலத்தில் இடம்; எனக்கு இல்லை. ஐந்து பேர். பக்கவாட்டு ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு எனக்குக் கையசைத்தார்கள். இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி கண்ணாடியில் ஒரு காகிதத்தை வைத்துக் காட்டினாள். "வணக்கம் மேடம்" என்று வண்ணப் பென்சிலில் எழுதியிருந்தாள்.

நான் கை அசைக்கவில்லை. போ, போ என்று சைகை காட்டினேன். அவள் சிரித்தாள்.

10:41

சுந்தரவதனம்: "கம்பிய எடுங்க மேடம்! இது உத்தரவு!"

கலத்தின் ஓட்டுநர் தாமஸ் குறுக்கிட்டார். "ஒரு நிமிஷம் சார். மேடம், இன்னைக்கு என்ன கிழமை?"

யோசித்தேன். தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"உங்க உதடு என்ன நிறத்துல இருக்கு?"

முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்துச் சொன்னேன். கருஞ்சிவப்பு.

"சார், நான் பிள்ளைங்களக் கூட்டிட்டு மேல வர்றேன். அப்புறம் என்னை வேலைய விட்டு எடுத்துக்குங்க." கலம் விலகியது. விளக்குகள் சிறுத்து மறைந்தன.

அழுதேன். அழுதால் மூச்சு அதிகம் செலவாகும். நிறுத்திக்கொண்டேன்.

12:15

பிள்ளைகள் கப்பலில் ஏறிவிட்டார்கள். தாமஸ் சொன்னார். ஐந்து பேரும் நலம்.

கலத்தின் மின்கலத்துக்கு மறுபடி மின்சாரம் ஏற்ற மூன்று மணி நேரமாவது ஆகும். கீழே வர ஒன்றரை. அவர் வந்தால் இணையட்டும் என்று கம்பியைத் தூக்கிவிட்டேன். அதற்கே அரைமணி ஆனது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: எல்லா நிலையங்களிலும் அளவியின் தானியங்கித் திருத்தத்தை அணையுங்கள். இதே மென்பொருள்தான் நிலையம் ஒன்றிலும் ஐந்திலும்.

14:50

ஒரு மணி நேரமாகக் காயல்பட்டினம் இணைப்பில் இருக்கிறது. யார் அனுமதித்தார்கள் தெரியவில்லை. தூங்க விடக் கூடாது என்று ரஹ்மத் நிஷா தனிமங்களின் பெயரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பதினேழில் நின்றுவிட்டேன்.

"குளோரின் மேடம். சொல்லுங்க. குளோரின்."

மூன்றாம் பரிசு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் மேடம். பதினெட்டு?" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. பின்னால் யாரோ விசும்பும் சத்தம்.

15:40

கதவைத் தட்டினார்கள். தாமஸ் குரல். எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தேன். வெறும் நீர். கலம் இல்லை. யாரும் இல்லை.

16:05

மறுபடி தட்டினார்கள். மறுபடி நீர். காயல்பட்டினத்தைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. எப்போதிலிருந்து இல்லை?

கதவு உள்பக்கம் திறப்பது. வெளியே கலம் இல்லாமல் நான் பிடியைத் திருப்பினால் கடல் உள்ளே வரும்.

16:4

தட்டுகிறார்கள். கண்ணாடியில் என் மூச்சு படிந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்தால் இருட்டு. கலம் இணைந்தால் எரிய வேண்டிய விளக்கை நான்தான் உடைத்தேன்.

"மேடம், தாமஸ். தனியாத்தான் வந்திருக்கேன். கொக்கி பிடிச்சிருச்சு. வெளிப்பக்கத்துல பிடி இல்ல, நீங்கதான் திறக்கணும்."

போன இரண்டு முறையும் இதேதான் சொன்னார்.

என் தலை பொய் சொல்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்க வேண்டும்.

கேட்டேன். கதவின் வெளிமுகத்தில் ஏதாவது எண் இருக்கிறதா?

"இருக்கு மேடம். ஏழு, நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஒம்போது."

உள்முகத்தில் அதே எண் இருக்கும். பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். நான் பார்த்ததில்லை. கத்தியால் சுரண்டுகிறேன்

7

4

1 கை கத்தியைப் பிடிக்கவில்லை 1

கடைசி எண் ஒன்பதா நான்கா தெரியவில்லை. கண் இரண்டிரண்டாய்க் காட்டுகிறது.

ஐந்தில் நான்கு. இதைவிடக் குறைந்த சான்றை வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆனால் அப்போது மறுபக்கம் கடல் இல்லை

ஜெபமும் வரவில்லை. பாதியில் மறந்துபோகிறது

தட்டுகிறார்

பிடியைத் திருப்புகிறேன்